கறுப்பு பீரும் மூன்று டம்ளர்களும்

(பொங்கல் விழாவின் இரண்டாம் நாள் மாலை, நம் சமுதாயக் கூடத்தில் ‘எனக்குத் தெரிந்த தொழில்’ நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. பேசியவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஃப்ளாட் எண்ணும் போடவில்லை. நம் குடியிருப்பில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை என்றாலும்!)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. மூன்றிலும் மது இல்லை. செயலாளர் ஏற்கெனவே ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டார், அவருக்கு நன்றி. தலைப்பு என்ன என்று கேட்டபோது ‘ருசி பார்ப்பது’ என்று சொன்னேன். உடனே வாட்ஸ்அப் குழுவில் ‘பலகாரம் உண்டா அங்கிள்?’ என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மன்னிக்க வேண்டும், பலகாரம் இல்லை.

நான் 26 வருடம் வெளிமாநிலத்தில் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். இங்கே வீடு வாங்கி வந்த நாளிலிருந்து ‘உணவுப்பொருள் ஆய்வகம்’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். அண்ணாமலையார் கோபுரம் தெரிகிற பால்கனியில் நின்றுகொண்டு ‘பீர் கம்பெனி’ என்று சொல்ல என் மனைவிக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான்.

பிறகு ஏன் இப்போது? ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் காலி டின்கள் கிடந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். வாட்ச்மேன் மேல் பழி, வாடகைக்கு இருப்பவர்கள் மேல் பழி, சிசிடிவி வைக்க யார் பணம் கொடுப்பது என்ற சண்டை. அதற்கு நடுவே ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், ‘விடுங்க சார், பீர்தானே, பிராந்தியா?’ என்று போட்டிருந்தார். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் செயலாளரைக் கூப்பிட்டு, நான் பேசுகிறேன் என்றேன். மதுவிலக்குப் பிரசாரம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது ருசி பார்ப்பது ஒன்றுதான். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் டம்ளரை அனுப்புகிறேன். குடிக்கலாம். மளிகைக் கடையில், கஞ்சி வைக்க வாங்குகிறோமே, அதே பார்லி. வெறும் வாணலியில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்து, பொடித்து, வெந்நீரில் போட்டு வடிகட்டியது. அவ்வளவுதான். ஆனால் மணத்தைப் பாருங்கள். காப்பி மாதிரி இருக்கிறது, காப்பி இல்லை. கொஞ்சம் கருகின ரொட்டி, கொஞ்சம் வறுத்த கேழ்வரகு.

கறுப்பு பீரின் கறுப்பு இதுதான். சாயம் இல்லை. தானியத்தை முளைகட்டிக் காயவைத்தால் அதற்கு மால்ட் என்று பெயர். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கஞ்சி காய்ச்சுகிறீர்களே, சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியை விட அது இளக்கமாகவும் லேசாக இனிப்பாகவும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வருவது. பீரும் அதே வழிதான். அந்தச் சர்க்கரைத் தண்ணீரில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் விடும். கறுப்பு பீருக்குச் சேர்க்கும் மால்ட்டில் ஒரு சிறு பங்கை மட்டும் நன்றாகக் கருக்கி வறுப்பார்கள். 1817ல் டேனியல் வீலர் என்பவர் லண்டனில் அதற்கென்று ஓர் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையின் தம்பி என்று சொல்லலாம். அதனால்தான் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் காப்பி வாசம் வருகிறது. உறவு அப்படி.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே தட்டிவிடுகிறேன். கறுப்பாக இருந்தால் வீரியம் அதிகம் என்று நினைக்கிறோம். நிறத்துக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேல் என்றிருக்கும், ஆல்கஹால் 4.2 சதவீதம். நம் ஊர்க் கடையில் பொன்னிறமாக ‘ஸ்ட்ராங்’ என்று போட்டு விற்பது 8 சதவீதம் வரை போகும். வீரியம் எவ்வளவு சர்க்கரை போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. வறுத்த நிறத்தைப் பொறுத்தது இல்லை.

கறுப்பும் வீரியமும் சேர்ந்தே வருகிற வகையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலில் போனது அந்த வகை. இன்றைக்குச் சின்ன ஆலைகளில் கிராஃப்ட் பீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிறார்களே, பெங்களூரு இந்திராநகரில் டாய்ட் 2010ல் தொடங்கிய பிறகு அந்த ஊரில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது, அவர்களுக்கெல்லாம் இந்த வகை மேல் ஒரு மோகம். மகன் வீட்டுக்குப் போனபோது ஒன்றை ருசி பார்த்தேன். நன்றாகவே காய்ச்சியிருந்தார்கள். ஆனால் என்னை அசத்தியது அது இல்லை.

2014ல் நானும் மனைவியும் ஒரு குழுவோடு இலங்கைக்கு ராமாயண யாத்திரை போனோம். நுவரெலியா பக்கத்தில் சீதா எலிய, சீதை அம்மன் கோயில். ஊட்டி மாதிரிக் குளிர். தோட்டத்துக்குத் தோட்டம் தமிழ். தேயிலைக்கு நம் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். எல்லோரும் தரிசனம் முடித்து அறையில் போர்த்திக்கொண்டு படுத்த பிறகு, நான் மட்டும் ஓட்டல் உணவுக்கூடத்தில் லயன் ஸ்டவுட் ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். மனைவிக்குத் தெரியும். ‘தொழில் விஷயம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அந்த பீர் பிறந்த ஊரே நுவரெலியாதான். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு சொன்ன சாமுவேல் பேக்கர் அதற்கு முன் அங்கே குடியேறிப் பண்ணை வைத்திருந்தவர். 1849ல் அவர் ஆரம்பித்த காய்ச்சலிலிருந்துதான் அந்த ஊர் பீரின் கதையைத் தொடங்குவார்கள். சிலோன் புருவரி கம்பெனி 1881ல் வந்தது. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் பெரிய ஆலையில் காய்ச்சுகிறார்கள். ஆகவே கிராஃப்ட் என்ற சொல் அதற்குப் பொருந்தாது. மைக்கேல் ஜாக்சன் என்று இங்கிலாந்தில் ஒரு பீர் எழுத்தாளர் இருந்தார். ஆடிப் பாடியவர் இல்லை, இவர் வேறு, 2007ல் காலமானார். லயன் ஸ்டவுட்டை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். வெப்பமான ஒரு தீவில் இப்படி ஒரு கனத்த கறுப்பு பீரா என்று வெளிநாட்டார் ஆச்சரியப்படுவார்கள். உண்மையில் ஜமைக்கா, நைஜீரியா, இலங்கை என்று வெயில் நாடுகளில்தான் வீரியமான ஸ்டவுட் தங்கிவிட்டது.

இப்போது இரண்டாவது டம்ளர். சர்க்கரை போடாத காப்பி டிகாஷன், அதில் கருப்பட்டிப் பாகு ஒரு ஸ்பூன். பாகை வேண்டுமென்றே கம்பிப் பதம் தாண்டிக் கருகவிட்டேன். மனைவி சட்டியைத் தேய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இதை வைத்துத்தான் ருசி பார்க்கும் முறையைச் சொல்லப் போகிறேன், அவசரப்பட்டுக் குடித்துவிடாதீர்கள்.

எங்கள் ஆலையில் தினமும் காலை 11 மணிக்குச் சுவைக்குழு உட்காரும். ஐந்து பேர். அறையில் சிவப்பு விளக்கு, நிறத்தைப் பார்த்து மனம் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக. கண்ணாடி டம்ளரில் எண் மட்டும் இருக்கும். அன்றைக்குக் காலையில் பூண்டு, ஊறுகாய், வெற்றிலை கூடாது. சென்ட் கூடாது. விபூதி தடை இல்லை. ஆனால் வாசனை விபூதி வைத்து வந்த ஒருவரை முகம் கழுவச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற மாட்டோம். மீதி இடம் வாசனைக்கு. லேசாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று மோப்பம். நீளமாக இழுத்தால் மூக்கு சலித்துவிடும். இதையே இப்போது செய்து பாருங்கள். முதலில் காப்பி. அப்புறம் கருகின வெல்லம். கொஞ்சம் பொறுத்தால் அடியில் ஒரு புளிப்பு. வறுத்த எதிலும் அது உண்டு. இப்போது ஒரு வாய், அரை ஸ்பூன் அளவு போதும். நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். பள்ளிப் புத்தகத்தில் நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று படம் போட்டிருந்தார்களே, அது தவறு. எல்லாச் சுவையும் நாக்கில் எல்லா இடத்திலும் தெரியும். விழுங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போது வருகிறதே இரண்டாவது வாசனை, ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். சளி பிடித்தால் சாம்பார் ருசிக்காமல் போவது அதனால்.

லயன் ஸ்டவுட்டில் எனக்கு முதலில் வந்தது உங்களுக்கு இப்போது வந்த வாசனைகள்தான். பிறகு உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம். வாயில் கனமாக, கிட்டத்தட்ட எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு. முடிவில் சுண்டைக்காய் வற்றல் கசப்பு ஒன்று வந்து நின்றது. போக மனமில்லாமல் நின்றது. நான் கேட்டது சில்லென்ற பாட்டில். கொடுத்தார்கள். தவறு என்னுடையது. பனிக்கட்டிக் குளிரில் நாக்கு மரத்து இந்த வாசனை எதுவும் எழும்பாது. பன்னிரண்டு டிகிரி சுமாருக்கு வரட்டும் என்று கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பாட்டிலை முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சர்வர் தம்பி இரண்டு தடவை வந்து ‘சார், ஏதும் சரியில்லையா?’ என்று கேட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது நான் இதுவரை சொல்லாத ஒன்று. அந்த பீரில் ஆல்கஹால் 8.8 சதவீதம். அது தெரியவே இல்லை. இனிப்பும் வறுவலும் கசப்பும் சேர்ந்து அந்தச் சூட்டை மூடிவிடுகின்றன. நல்ல பீர் என்பதற்கு அடையாளம் அது. ஆபத்தும் அதுவேதான்.

கணக்குப் போடுவோம். பின்வரிசைத் தம்பிகள் போனை எடுக்கலாம், கால்குலேட்டருக்காக. 330 மில்லி பாட்டிலில் 8.8 சதவீதம் என்றால் 29 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் 23 கிராம். இப்போது பிராந்தி. நம் நாட்டில் 42.8 சதவீதம். 60 மில்லி பெக்கில் சுமார் 26 மில்லி, எடையில் 20 கிராம். அதாவது அந்தச் சின்ன பீர் பாட்டில் ஒரு பெரிய பெக்கை விட அதிகம். 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ 650 மில்லி பாட்டில்? 52 மில்லி. இரண்டு பெரிய பெக். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். எலுமிச்சம்பழம், மோர், பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம். சராசரி எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் அந்த ஒரு சின்ன பாட்டிலைக் குடித்தாலே தாண்டிவிடலாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது என்பதையும் தம்பிகளுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

‘பீர்தானே’ என்பது இவ்வளவுதான்.

அந்த வார்த்தையை நான் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், அதை நானே சொல்லியிருக்கிறேன். என் அண்ணனிடம்.

அண்ணன் ஆரணிப் பக்கம் நெல் மண்டி வைத்திருந்தவர். சாராயம், பிறகு பிராந்தி. டம்ளரைக் கையில் எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. உடனே ஊறுகாய். முகத்தைச் சுளித்துக்கொள்வார். குடிக்கிற பொருளின் ருசி அவருக்குப் பிடித்ததே இல்லை, அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். மண்டி கைவிட்டுப் போனதும் அண்ணி கேட்டுக்கொண்டதற்காக என்னோடு கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டேன். பிராந்தியை நிறுத்தினால் கை நடுங்குகிறது. நான் படித்தவன், அந்தத் துறையிலேயே இருப்பவன் என்ற கர்வத்தில் ஒரு யோசனை செய்தேன். பீருக்கு மாற்றிவிட்டால் மெல்ல மெல்லக் குறைந்துவிடும் என்று. மனைவி தயங்கியபோது, ‘பீர்தானே, குடிக்கட்டும்’ என்று சொன்னவன் நான். ஸ்ட்ராங் பாட்டில் நாள் ஒன்றுக்கு இரண்டு, பிறகு நான்கு. நான்கு பாட்டில் என்றால் எட்டுப் பெரிய பெக் என்ற கணக்கு எனக்குத் தெரியாதா? ஆய்வகத்தில் தினமும் போடுகிற கணக்குதான். வீட்டில் போடவில்லை. 1998ல், 46 வயதில் போனார். கல்லீரல். சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் 1980 முதலே குடிநோய்க்குச் சிகிச்சை மையம் இருந்திருக்கிறது. குடிநோய் என்பது நோய், அதற்கு டாக்டர் உண்டு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது டம்ளர். இதன் வாசனையைச் சொல்லத் தேவையில்லை, நீராகாரம். பானையில் மூன்று நாள் விட்டது. கொஞ்சம் பழம், கொஞ்சம் புளிப்பு, அடியில் லேசாகக் கள் மாதிரி ஒரு நெடி. தானியமும் தண்ணீரும் நேரமும் சேர்ந்தால் இந்தப் பக்கம் போகும். பீர் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்போம். பாட்டிலும் பெயரும் அவனுடையது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வலைஞர் வீட்டில் கள் காய்ச்சும் முறை வருகிறது. குத்தாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற பிழாவில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, வாய் கெட்டியான சாடியில் விளையவைத்து விரலால் பிழிந்து எடுப்பது. மால்ட், நொதித்தல், முதிர்வு, வடிகட்டல் எல்லாம் இருக்கிறது. ஹாப்ஸ் மட்டும்தான் பாக்கி. வேலையில் சேர்ந்த புதிதில் இதைப் படித்திருந்தால் மேலதிகாரியிடம் கொஞ்சம் நிமிர்ந்து பேசியிருப்பேன்.

நம் மாவட்டத்துப் பாட்டு ஒன்றும் இருக்கிறது. மலைபடுகடாம். செங்கம்தான் நன்னனின் ஊர், கலசபாக்கம் பக்கத்துப் பர்வதமலைதான் அவனுடைய நவிர மலை என்பார்கள். அங்கே வழிப்போக்கர்களான கூத்தருக்கு மலைவாசிகள் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள்ளைக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் நறவும் உண்டு. விடிகாலையில் அந்தப் பழைய மயக்கம் தீர, புளியும் மோரும் சேர்த்த குழம்போடு மூங்கில் அரிசிச் சோறு. மறுநாள் தலைவலியைக் கூட மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார் புலவர். நான் வேலையை மறைத்தேன்.

இன்னும் இரண்டு நிமிடம்தான், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஸ்டவுட் உடம்புக்கு நல்லது, ரத்தம் ஊறும், பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று மலேசியா, சிங்கப்பூர் உறவினர்கள் சொல்வார்கள். 1929ல் கின்னஸ் கம்பெனி ஆரம்பித்த விளம்பரத்தின் வால் இது. நம்பாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவருக்குச் சத்து வேண்டுமானால் முருங்கைக்கீரை இருக்கிறது. உடம்புக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ருசி பார்ப்பவனுக்கும் அது பொருந்தும். எனக்கும்.

என்னைப் பற்றிக் கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு பாட்டில் என்று வைத்திருந்தேன், பெங்களூரு போகும்போது. அது வாரம் ஒன்றாக ஆகிக்கொண்டிருந்தது, பேரனைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி போக ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் மகன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவும்போதுதான் உறைத்தது, இன்றைக்கு நான் ஒரு தடவை கூட மோந்து பார்க்கவில்லை. 26 வருடத்தில் அப்படி ஒரு நாள் நடந்ததே இல்லை. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தது நினைவுக்கு வந்தது. அன்றோடு நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. கஷ்டமாக இருந்ததா என்றால், முதல் இரண்டு மாதம் இருந்தது.

இப்போது காப்பியைத்தான் அப்படி ருசி பார்க்கிறேன். கிரிவலம் முடித்து வரும்போது ஒரு கடையில் பீபெர்ரி கொட்டை வறுத்துத் தருகிறார்கள். எந்தக் கடை என்று வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள். டின்களைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அந்தத் தம்பிகள் யாராவது இந்தக் கூடத்தில் இருந்தால், ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், பார்லி வறுத்துக் காட்டுகிறேன். அந்த டின்னில் எத்தனை கிராம் இருந்தது என்றும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம். உங்கள் வீட்டில் சொல்ல மாட்டேன்.

டம்ளர்களைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிடுங்கள், மனைவி எண்ணித்தான் கொடுத்தாள். மூன்றாவதை யாரும் குடித்துவிட வேண்டாம். மூன்று நாள் பழையது, மோந்து பார்க்க மட்டும்தான்.